மல்லாட்டைக் காட்டில் களை, விடுதி வாசலில் லான்

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்துக்குள் நுழைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என வழிநெடுகிலும் விடுதி மதில்களைப் பார்க்கலாம். மதிலுக்கு உள்ளே பச்சைப் பசேலென்று புல்தரை. ஓரத்தில் 'புல்தரை மீது நடக்காதீர்' என்று ஒரு பலகை. நடக்கக்கூடாது என்ற பலகையைப் பார்த்தால் நமக்குப் பழைய தெருக்கள் சில நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. இருக்கட்டும். அந்தப் புல்தரையில் தினமும் காலை முதல் மாலைவரை குந்தியபடியே நகர்கிறவர்கள் யார் என்பதுதான் இந்த வாரம் நாம் பேச வந்தது.

சுற்றுவட்டக் காலனிகளிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் வருகிற பெண்கள்தான் இந்த வேலையில் அதிகம். இயந்திரம் தள்ளவும் மருந்தடிக்கவும் ஆண்கள். கூலிப் பட்டியலில் இவர்கள் பெயருக்கு எதிரே 'ஹெல்பர்' என்றோ 'கார்டன் லேபர்' என்றோ இருக்கும். திறன் இல்லாத வேலை என்று கணக்கு. விடுதிக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி. ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் வேலை செய்தாலும் தான் எந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறோம் என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

இந்த வேலைக்குத் திறன் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் கோரையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மேலே இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் நிற்கும். ஒரு கிழங்கிலிருந்து வேர் ஓடி அடுத்தடுத்துக் கிழங்குகள் சங்கிலிபோலப் பிடித்திருக்கும். தாளை மட்டும் அறுத்துவிட்டால் பத்து நாளில் ஒன்றுக்கு மூன்றாக வரும். களைக்கொத்தியை எந்தச் சாய்வில் இறக்கினால் லான் புல்லின் வேர் அறாமல் கிழங்கு மட்டும் வரும் என்பது கைக்குத் தெரிந்த விஷயம். அந்தக் கை அதை எங்கே கற்றது? மல்லாட்டைக் காட்டில். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். திண்டிவனம் என்பதன் சுருக்கம் அது. அந்த ரகங்களை நாடு முழுக்க விதைத்தார்கள். நம் பகுதியில் அவற்றுக்குக் களை எடுத்த பெண்களில் பெரும்பாலோர் நிலமற்ற சேரிப் பெண்கள். எந்த வெளியீட்டு விழாவிலும் அவர்களுக்கு நாற்காலி போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மல்லாட்டைக்கு இரண்டு பெரிய எதிரிகள்: கோரையும் அருகம்புல்லும். விடுதி லானில் கோரை எதிரியாகவே தொடர்கிறது. அருகம்புல்லோ எசமானாகிவிட்டது. நர்சரியில் 'பெர்முடா' என்று விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். சங்கப் பாடல்களில் 'அறுகை' என்று வருவதும், பிள்ளையாருக்குச் சாத்துவதும், வாழ்த்தும்போது வேரூன்றச் சொல்வதும் இதே புல். உலகத்தின் வெப்ப நாடுகளில் பெரும்பாலான கோல்ஃப் மைதானங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்றோர் ஊர். அங்கே கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி முதலில் மாட்டுத் தீவனத்துக்காக இந்தப் புல்லை ஆராயத் தொடங்கினார். பிறகு நம் அருகம்புல்லையும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றையும் சேர்த்து ஒட்டு ரகங்கள் உருவாக்கினார். 1960-இல் 'டிஃப்வே', 1965-இல் 'டிஃப்ட்வார்ஃப்'. கோல்ஃப் திடல்களுக்கு இவைதான் அடிப்படை ரகங்கள் ஆயின. அதே பர்ட்டன் கம்புப் பயிரில் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற வழியைத் தாயாகக் கொண்டுதான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு, எச்.பி.1, வந்தது. ஒரே மனிதரின் ஒரு கை நமக்குக் கம்பும் இன்னொரு கை பணக்காரர்களுக்குப் பச்சை விரிப்பும் கொடுத்திருக்கிறது.

இந்த ஒட்டுப் புற்களுக்கு ஒரு குணம்: விதை பிடிக்காது. ஆகவே தூவி முளைக்க வைக்க முடியாது. ஏற்கெனவே வளர்ந்த புல்லைப் பிய்த்துக் கணு உள்ள துண்டுகளாக்கி நட வேண்டும். வெளிநாடுகளில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. நம் ஊரில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாலு விரற்கடை, ஆறு விரற்கடை இடைவெளியில் ஒவ்வொன்றாக ஊன்றிப் பின்னோக்கி நகர்கிறார்கள். நெல் நாற்று நடுவதற்கும் இதற்கும் வேறுபாடு, கால் சேற்றில் இல்லை என்பது மட்டும்தான். கொரியன், மெக்சிகன் என்று சொல்லப்படும் புற்களையும் இப்படித்தான் நடுகிறார்கள். அவசரத்துக்கு வேண்டுமென்றால் பாய்போலச் சுருட்டிச் சதுர அடிக் கணக்கில் வாங்கி விரிக்கிறார்கள்.

இனி ஆண்டுச் சுற்று. நம் கடற்கரைக்கு இருக்கிற பருவங்கள் புத்தகத்தில் இருக்கிற வசந்தமும் இலையுதிர் காலமும் இல்லை. சித்திரையில் வெயில், ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி. லான் வேலையும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

மாசி, பங்குனியில் பனி விலகியதும் அடித்தட்டைக் கிளற வேண்டும். புல்லின் பச்சைக்குக் கீழே காய்ந்த தண்டும் வேருமாகப் பஞ்சுபோல ஒரு படலம் சேர்ந்திருக்கும். அது தடித்துப்போனால் தண்ணீர் மண்ணுக்கு இறங்காது, பூச்சிக்கு வீடாகும். பல்லுள்ள வாரியால் வாரி, ஒட்டச் செதுக்கி, சலித்த மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து மெல்லிய அடுக்காகத் தூவி, கூட்டுமாறால் பரப்புகிறார்கள். இரண்டு வாரத்துக்கு லான் பார்க்கச் சகிக்காது. விடுதி மேலாளர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான். தள்ளிப்போட்டால் கோடையில் திட்டுத்திட்டாகக் காய்ந்து, பழி வேலைக்காரர் தலையில் விழும்.

சித்திரை, வைகாசியில், குறிப்பாக அக்னி நட்சத்திரத்தில், வெட்டும் உயரத்தை ஏற்றிவிட வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. வீட்டு லானை ஓர் அங்குலத்துக்கு மேல் விடலாம். கோல்ஃப் திடலில் குழி இருக்கிற 'கிரீன்' பகுதியையோ 3, 4 மில்லிமீட்டருக்கு, ஒரு நெல்மணியின் கனத்துக்கு, தினமும் வெட்டுகிறார்கள். உருளை பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் புல் நுனி கிழிந்து வெளுத்துப்போகும். தண்ணீர் விடியலில் பாய்ச்ச வேண்டும். மாலையில் பாய்ச்சினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். தினம் கொஞ்சமாக நனைப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிய எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாதங்களில்தான் வேலையும் அதிகம், வெயிலும் அதிகம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நிவாரணம் வேண்டாம், நண்பகல் 12 முதல் 3 வரை நிழல் கொடுங்கள் என்பதுதான் வேலை செய்கிறவர்களின் கோரிக்கை. புல்லுக்கு ஆகாத நேரமும் அதுவே. அந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்சினால் பாதி ஆவியாகும், வெட்டினால் புல் வாடும். ஆளை வெயிலில் நிறுத்துவதால் லானுக்குக்கூட லாபமில்லை.

ஆடி, ஆவணியில் மாலை மழை விழத் தொடங்கினால் புல் கிடுகிடுவென்று ஓடும். தழைச்சத்துக்கு இது சரியான நேரம். இறுகிப்போன தரையில் துளையிட்டு மணல் நிரப்புவதும் இப்போதுதான். கோல்ஃப் திடல்களில் அதற்கு இயந்திரம் இருக்கிறது, உள்ளீடற்ற பற்களால் மண்ணை விரல் விரலாக எடுத்துப் போடும். நம் பக்கத்து விடுதிகளில் கடப்பாரையும் கையும்தான். புரட்டாசி முடிவதற்குள் வடிகால் பார்த்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி நம் மாவட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் கடலோர மணல் லான் ஒரு நாளில் வடிந்துவிடும். மேற்கே செம்மண்ணில் போட்ட லான் மூச்சு முட்டி அழுகும். மழைக்காலத்தில் யூரியா போடக் கூடாது. போட்டால் பாதி கரைந்து வாய்க்காலுக்குப் போகும், மீதி புல்லைக் கொழுக்க வைத்துப் பூஞ்சணத்துக்குத் தீனியாக்கும். இந்தப் பருவத்தில் பிள்ளைப்பூச்சி ஈர மண்ணைக் குடைந்து விரலளவு மேடுகளை எழுப்பும்.

மார்கழி, தையில் விருந்தினர் கூட்டம். பிறவற்றைவிட நாம் அதிகம் யோசித்தது இந்த மாத வேலையைத்தான். விடியலில் புல் மேல் நிற்கிற பனியைத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வட்ட வட்டமாகப் பூஞ்சணப் புள்ளி விழும். இரண்டு பேர் இரு முனையிலும் நீளக் கயிற்றைப் பிடித்துப் புல் மேல் இழுத்தபடி போவார்கள். கோல்ஃப் திடல்களில் நீண்ட கழியால் வீசித் தட்டுவார்கள். வெறுங்காலோடு அந்தக் குளிர் ஈரத்தில் நடப்பவருக்குப் பாத வெடிப்பும் சேற்றுப்புண்ணும் மாசிவரை ஆறாது. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்ன விலை இருக்கும்?

மருந்தடிப்புக்கு வருவோம். வேர்ப்புழுவுக்கு ஒன்று, கறையானுக்கு ஒன்று, பூஞ்சணத்துக்கு ஒன்று, கோரைக்கு ஹாலோசல்ஃபூரான், கல் பாவிய நடைபாதை இடுக்குகளுக்குக் கிளைபோசேட். முதுகில் டேங்க், வாயில் கட்டிய துண்டு, காலில் செருப்பு. விருந்தினர் எழுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு அடிக்கிறவர்களும் உண்டு. அடித்த பிறகு சிறு கொடி நட்டு விருந்தினரை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதே தரையில் அன்று மதியமே களை எடுக்கப் பெண்களை இறக்குகிறார்கள். விருந்தினருக்கு ஆகாத நஞ்சு வெறுங்கையால் மண்ணைத் தொடுகிறவளுக்கு மட்டும் எப்படி ஆகும்?

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-இல் வந்த விதிகள் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முறிமருந்து, தொழிலாளருக்குப் பயிற்சி ஆகிய நான்கையும் தனித்தனி விதியாகவே சொல்கின்றன. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. உடலில் கூலிக்குக் கட்டிய டேங்க்கில் என்ன இருக்கிறது என்று பெயர் தெரியாமல் அடிக்கிறவர்களுக்கு இந்த அறிவிக்கைகளை யார் படித்துக் காட்டினார்கள்? டப்பாவின் மேல் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி நம் தோழர்கள் இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்பதால் குடித்துப் பார்க்கலாம் என்று பொருளில்லை.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். கோடையில் லானுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஓர் ஏக்கருக்கு, அதாவது 4,047 சதுர மீட்டருக்கு, 20 ஆயிரம் லிட்டர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஓர் ஏக்கர் புல் குடிப்பது 360 பேரின் தண்ணீர். பதினெட்டுக் குழி கோல்ஃப் திடல் என்றால் நூறு ஏக்கருக்கும் மேல். எல்லாப் பரப்புக்கும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்றாலும் கணக்கு தலைசுற்ற வைக்கும். நம் கடலோரத்தில் அதிகம் உறிஞ்சினால் போர் உப்பேறும். உப்பேறியதும் டேங்கர் லாரி மேற்கே கிராமங்களை நோக்கித் திரும்பும். காலனித் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வழி இல்லாமல் இல்லை. விடுதிகள் தங்கள் கழிவுநீரையே சுத்திகரித்துப் பாய்ச்சலாம். உப்பைத் தாங்கும் பாஸ்பலம் என்ற கடலோரப் புல் இருக்கிறது, பல நாடுகளில் கோல்ஃப் திடல்களே அதில் ஓடுகின்றன. தண்ணீர் இல்லாத காலத்தில் இந்தியாவின் பல கோல்ஃப் திடல்களில் 'கிரீன்' இருந்த இடத்தில் மணலும் எண்ணெயும் கலந்த 'பிரவுன்'தான் இருந்தது. அதில் ஆடியவர்களுக்கு ஒன்றும் மரியாதை குறையவில்லை.

கோல்ஃப் என்றதும் நிலம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்துத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-இல் கல்கத்தாவில் தொடங்கியது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் இருந்தது. அந்த 160 ஏக்கர் அரசு நிலத்தை 1945-இல் ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில் 99 ஆண்டு குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில்தான் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. குதிரைக்கும் பந்துக்கும் 99 ஆண்டுக்கு நிலம் கிடைத்த இதே மாகாணத்தில், 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை கைமாறிப் போயின என்பது நம் வாசகர் அறிந்த கதை. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். கடற்கரைச் சாலையோரம் ஒரு புதிய மதில் எழும்போது அந்தச் சர்வே எண் பழைய 'அ' பதிவேட்டில் எப்படி இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவது நம் இளைஞர்களுக்குப் பழக்கமாக வேண்டும்.

ஆனால் நிலம் திரும்பும்வரை களைக்கொத்தியோடு போகிறவளின் நாளும் நகர வேண்டுமே. கோட்டக்குப்பம் 2021-இல் நகராட்சி ஆனது. நகராட்சி எல்லைக்குள் நூறு நாள் வேலை கிடையாது. மல்லாட்டைக் காடும் சவுக்குத் தோப்பும் மனைகளாகிவிட்டன. லான் வேலையை இழிவு, வேண்டாம் என்று தூக்கிப் போடச் சொல்வது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. நாம் கேட்பது வேறு. இது விவசாய அறிவு சார்ந்த வேலை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், அதற்குரிய கூலியைக் கொடுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகக் கொடுங்கள். சம ஊதியம் 1976-லேயே சட்டமாகிவிட்டது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற விடுதியில் மாதம் 21 ஆயிரம் ரூபாய்வரை வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் முதன்மை முதலாளியான விடுதிதான் கட்ட வேண்டும்.

காண்ட்ராக்டரே எதற்கு என்ற கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். நாற்பது பேரின் உழைப்பை ஒருவர் நடுவில் நின்று விற்கிறார். அவரிடம் இருக்கும் மூலதனம் இரண்டு புல் வெட்டும் இயந்திரம், ஒரு பவர் ஸ்பிரேயர், ஒரு பில் புத்தகம், விடுதி மேலாளரின் கைபேசி எண். கடைசி ஒன்றுக்குச் சாதி உறவு உதவுகிறது, மற்றதெல்லாம் கடன் வாங்கி வாங்கக்கூடியவை. பட்டியலினத் தொழில்முனைவோருக்காக 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மூலதனத்துக்கு 35 விழுக்காடு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் உண்டு. தாட்கோவிலும் மகளிர் குழுக்களுக்குக் கடன் இருக்கிறது. வேளாண் திறன் மன்றம் தோட்டக்காரர் வேலைக்கு ஒரு தகுதித் தரம் வகுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களும் ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் வாங்க 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் 'ஹெல்பர்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லி வாதாட முடியும்.

வானூரும் திண்டிவனமும் தனித் தொகுதிகள். விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் அப்படியே. இந்தச் சான்றிதழ் முகாமை கோட்டக்குப்பத்திலேயே நடத்தச் சொல்லிக் கேட்கக்கூடிய பிரதிநிதிகள் நமக்கு இருக்கிறார்கள். விடுதிகளின் ஆண்டு ஒப்பந்தம் பெரும்பாலும் நிதியாண்டோடு புதுப்பிக்கப்படுவதால் மார்கழிக்குள் குழுவாகச் சேர்ந்து, தைக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். விழுப்புரத்தில் தாட்கோ மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் போகும்போது சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வாங்கப் போகும் இயந்திரத்துக்குக் கடையில் வாங்கிய விலைப்புள்ளி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இ-ஷ்ரம் பதிவு இன்னும் செய்யாதவர்கள் அதை முதலில் முடியுங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று போடச் சொல்வார்கள். 'தோட்டக்காரர்' என்று போடச் சொல்லுங்கள்.